கழுத்தைக் கொடுக்கும் முன்: மூட்டுவலி கேள்வி - பதில்

போன இதழில் முழங்கால் வலி பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: “கைரோபிராக்டிக் போகலாமா மேடம்?” முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் சட்டென்று ஒரு தள்ளு தள்ளிச் செய்கிற சிகிச்சை அது. மதுரையில் 33 வருஷமாக இயன்முறை சிகிச்சை செய்கிறேன். சில வருஷங்களுக்கு முன்பு வரை இந்தச் சொல்லை என் கிளினிக்கில் யாரும் சொன்னதில்லை. இப்போது செல்லூரிலிருந்து வரும் பாட்டிகூட பேரன் போனில் காட்டிய வீடியோவைச் சொல்கிறார். ஒருவர் குப்புறப் படுத்திருக்கிறார். முதுகில் ஒரு அழுத்து, மளுக்கென்று ஒரு சத்தம். எழுந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்து போகிறார். பார்க்கிற நமக்கே எங்கோ ஒரு பிடிப்பு விட்ட மாதிரி இருக்கிறது. வலியோடு இருப்பவருக்கு அது எவ்வளவு ஆசையைக் கிளப்பும் என்று எனக்குத் தெரியும். அதனால் இந்த மாதம் முழுக்க இந்த ஒரு விஷயம்தான்.

எனக்கு 54 வயது. இரண்டு முழங்காலும் தேய்மானம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். படி இறங்கும்போது உயிர் போகிறது. பெங்களூரில் இருக்கும் மகன், அங்கே ஒரு கைரோபிராக்டிக் கிளினிக்கில் 12 சிட்டிங்குக்கு முன்பணம் கட்டட்டுமா என்று கேட்கிறான். ஜவ்வு மறுபடி வளரும் என்று சொன்னார்களாம். போகலாமா அக்கா?
- வாசகி, அருப்புக்கோட்டை

முதலில் அந்த ‘வளரும்’ என்ற வார்த்தையை மனசிலிருந்து எடுத்துவிடுங்கள் தங்கச்சி. ஜவ்வு என்று நாம் சொல்கிற, மூட்டுக்குள் இருக்கிற குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டமே கிடையாது. கையில் கத்தி பட்டால் நாலு நாளில் தோல் மூடிக்கொள்கிற மாதிரி அது மூடிக்கொள்ளாததற்குக் காரணம் அதுதான். தேய்ந்ததை அழுத்தியோ இழுத்தோ யாராலும் வளர்க்க முடியாது. என்னாலும் முடியாது. வளர்த்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவர் எந்தப் படிப்பு படித்திருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆனால் வலி குறையுமா என்பது வேறு கேள்வி. அதற்கு நல்ல பதில் இருக்கிறது. தேய்மானம் எக்ஸ்ரேயில் எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவு வலிக்கும் என்று கணக்கே இல்லை. படத்தில் எலும்போடு எலும்பு உரசுகிற மாதிரி தெரிந்தும் அழகர்கோவில் வரை நடந்து போகிறவரை எனக்குத் தெரியும். அந்த வித்தியாசத்தில் தொடைத் தசைக்கும் பங்கு உண்டு.

கைரோபிராக்டர் முழங்காலுக்கு என்ன செய்வார்? மூட்டை மெல்ல அசைத்து, சுற்றியிருக்கிற தசையைத் தளர்த்திவிடுவார். அப்போதைக்கு சுகமாக இருக்கும், பொய்யில்லை. நானும் அதைச் செய்கிறவள்தான். ஆனால் அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர்களின் அமைப்பும் ஆர்த்ரைட்டிஸ் ஃபவுண்டேஷனும் சேர்ந்து 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலைப் பாருங்கள். முழங்கால் தேய்மானத்துக்கு உடற்பயிற்சி, எடைக்குறைப்பு, கைத்தடி, மேலே தடவுகிற வலிமருந்து எல்லாவற்றையும் அழுத்தமாகச் சொல்கிறார்கள். உடற்பயிற்சியோடு கையால் செய்கிற சிகிச்சையையும் சேர்ப்பதால் கூடுதல் பலன் உண்டு என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று, அதை வேண்டாம் என்றே மிதமாகச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன், மருந்துக்கடையில் ஜவ்வுக்கு என்று விற்கிற குளுக்கோசமைன் வேண்டாம் என்று இன்னும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆகவே 12 சிட்டிங் வேண்டாம். மகன் ஊருக்கு வரும்போது உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் செய்யவைக்கச் சொல்லுங்கள். கட்டிலில் கால் நீட்டி, சுவரில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். தேங்காய்ப்பூத் துண்டு ஒன்றைக் கெட்டியாகச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வையுங்கள். துண்டை நசுக்குவது போல முழங்காலைக் கீழே அழுத்துங்கள். குதிகால் லேசாக மேலே எழும்பும். அப்போது முழங்கால் சில்லுக்கு மேலே, உள்பக்கத் தொடையில் விரலை வைத்துப் பாருங்கள். சொதசொதவென்று கிடந்த இடம் இறுகி மேடாக வரும். அந்தத் தசைதான் நீங்கள் படி இறங்கும்போது பிரேக் பிடிப்பது. பல பெண்களுக்கு முதல் நாள் அது எழும்பவே எழும்பாது, துடித்துவிட்டு அடங்கும். பயப்பட வேண்டாம். ஐந்து எண்ணும்வரை அழுத்திப் பிடித்து விடுங்கள். வாய்விட்டு எண்ணினால் மூச்சை அடக்க மாட்டீர்கள். காலையில் பத்து, ராத்திரி பத்து. இரண்டு வாரம் கழித்து, நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருகிற பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உயரமான நாற்காலியில் ஆரம்பியுங்கள். ஆறு வாரத்துக்கு முன்னால் பலன் இல்லை என்று விட்டுவிடாதீர்கள்.

படி ஏறும்போது வலி குறைவான கால் முதலில், இறங்கும்போது வலி அதிகமான கால் முதலில். தடி பிடித்தால் வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடியுங்கள். முக்கால்வாசிப் பேர் வலிக்கிற பக்கத்திலேயே பிடிக்கிறார்கள். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் நாலு கிலோ பாரம் குறைகிறது என்று 2005இல் அளந்து சொல்லியிருக்கிறார்கள். அதனால் ஐந்து கிலோ குறைத்தாலே பெரிய விஷயம். குத்தவைத்து உட்காருகிற கழிப்பறை என்றால் அதன் மேல் போடுகிற ஸ்டூல் மருந்துக்கடையில் கிடைக்கும், இந்த வாரமே வாங்கிவிடுங்கள். அரிவாள்மனையை மேடைக்கு ஏற்றிவிடுங்கள்.

வலி மாத்திரையை நீங்களாக வாங்கி மாதக்கணக்கில் போடாதீர்கள். சர்க்கரையோ பிரஷரோ இருந்தால் கிட்னி கெட்டுப்போகலாம்.

வயது 41. நாலு மாதமாகக் காலையில் எழுந்தால் இரண்டு கை விரல்களும் மடங்கவில்லை. பால் பாக்கெட்டை வெட்டக்கூட மகளைக் கூப்பிடுகிறேன். பத்து மணிக்கு மேல்தான் விரல் நம் சொல்லைக் கேட்கிறது. உடம்பெல்லாம் அசதி. கழுத்தும் வலிக்கிறது. கழுத்தில் நரம்பு அழுந்தியிருக்கும், அங்கே ஒரு சொடுக்கு எடுத்தால் கை சரியாகிவிடும் என்று என் கணவர் ஒரு கைரோபிராக்டரிடம் அடுத்த வாரத்துக்குப் பெயர் பதிந்திருக்கிறார். தைரியமாகப் போகலாமா மேடம்?
- வாசகி, திண்டுக்கல்

போகக் கூடாதும்மா. அந்தப் பதிவை இன்றைக்கே ரத்து செய்துவிடுங்கள்.

நீங்கள் எழுதியிருப்பதில் எந்த வரியும் தேய்மானத்தைச் சொல்லவில்லை. தேய்மானம் என்றால் காலையில் எழுந்து கொஞ்ச நேரம் நடந்தாலே இறுக்கம் விடும், பெரும்பாலும் அரைமணிக்குள். சாயங்காலம் வேலை செய்து களைத்த பிறகுதான் வலி ஏறும். உங்களுக்கு நேர்மாறாக இருக்கிறது. காலையில் மணிக்கணக்கில் இறுக்கம், இரண்டு கையிலும் ஒரே மாதிரி, சின்ன மூட்டுகளில், கூடவே அசதி. இது முடக்குவாதமாக இருக்கலாம். அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டின் உறையையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிற நோய். விரல் கணுக்களை அமுக்கிப் பாருங்கள். பஞ்சு மாதிரி பொதபொதவென்று, சூடாக இருந்தால் சந்தேகம் இன்னும் கூடுகிறது.

கழுத்தைப் பற்றி ஏன் இவ்வளவு அவசரப்படுகிறேன் என்பதற்கு என் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். இதுவரை இந்தப் பக்கத்தில் எழுதியதில்லை.

என் அம்மாவுக்கு முடக்குவாதம். 14 வருஷம் வலி மாத்திரையிலும் எண்ணெயிலும் ஓட்டினார். விரல் கோணிப்போயும் பூக்கட்டுவதை விடவில்லை. மல்லியை இரண்டிரண்டாக எதிரெதிரே வைத்து, நார் ஒரு சுற்று, விரலுக்குள் ஒரு முடிச்சு, இழுப்பு. கண் டிவியில் இருக்கும், கை ஓடிக்கொண்டிருக்கும். 1996இல் ஒருநாள், “குனிஞ்சு கட்டும்போது பிடரியிலிருந்து முதுகு வரைக்கும் கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்குடி” என்றார். நான் படித்து முடித்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. கழுத்துத் தசைப் பிடிப்பு என்று நினைத்து ஒத்தடம் கொடுத்தேன். அந்த வாரமே மாமா ஒருவர், எலும்பு விலகினால் சரிசெய்கிறவர் என்று பேர் வாங்கிய ஒருவரிடம் அம்மாவைக் கூட்டிப்போனார். அவர் தாடையைப் பிடித்து இரண்டு பக்கமும் ஒரு திருப்பு திருப்பினார். சத்தம் கேட்டது. அம்மா சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். மறுநாள் கட்டிய பூச்சரம் தூக்கியதும் உதிர்ந்தது. முடிச்சு விழவே இல்லை. விரலுக்கு நார் இருப்பதே தெரியவில்லை. ராத்திரிக்குள் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, நடை தள்ளாடியது.

கழுத்தின் முதல் எலும்பு ஒரு மோதிரம் மாதிரி. இரண்டாவது எலும்பிலிருந்து ஒரு முளை எழும்பி அந்த மோதிரத்துக்குள் நிற்கிறது. அதை நகராமல் பிடித்து வைத்திருப்பது ஒரு சின்ன நார்ப்பட்டை. அதற்கு ஒட்டினாற்போல் பின்னால் தண்டுவடம். முடக்குவாதம் பல வருஷம் அடங்காமல் இருந்தால் அந்த நார்ப்பட்டையையும் அரித்துவிடும். அப்புறம் தலை குனிகிற ஒவ்வொரு முறையும் எலும்பு நழுவித் தண்டுவடத்தை இடிக்கும். அம்மா சொன்ன ‘கரண்ட்’ அதுதான். தலையைக் குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த எக்ஸ்ரேயில் அந்த இடைவெளி எனக்கே தெரிந்தது. பாடத்தில் படித்ததுதான், சொந்த அம்மாவிடம் கண்டுபிடிக்கவில்லை. ஆபரேஷன் செய்து கழுத்தைக் கம்பி வைத்துக் கட்டினார்கள். பதினோரு வருஷம் இருந்தார், நடந்தார். பூக்கட்டவில்லை.

நாலு மாத நோயில் கழுத்து இந்த அளவுக்குப் போயிருப்பது அபூர்வம்தான், உங்களைக் கலங்கடிக்க எழுதவில்லை. ஆனால் என்ன நோய் என்றே தெரியாத கழுத்தை ஒருவர் கையில் கொடுக்கக் கூடாது. முடக்குவாதம் சீறிக்கொண்டிருக்கும் இடத்தில் முதுகெலும்பைத் திருப்பக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2005இல் கைரோபிராக்டிக்குக்கு என்றே வெளியிட்ட வழிகாட்டி நூலிலும் இருக்கிறது. முறையாகப் படித்த கைரோபிராக்டர் உங்களைத் தொடாமல் டாக்டரிடம் அனுப்பிவிடுவார்.

நீங்கள் பார்க்க வேண்டியவர் ருமட்டாலஜிஸ்ட், மூட்டு வாத நோய் மருத்துவர். சென்னையில் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இதற்குத் தனித்துறையே இருக்கிறது. உங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள், எங்கே போக வேண்டும் என்று சீட்டு எழுதித் தருவார்கள். ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி. என்ற ரத்தப் பரிசோதனைகள் எழுதுவார்கள். ஆர்.ஏ. ஃபேக்டர் ‘நெகட்டிவ்’ என்று வந்தாலும் நோய் இல்லை என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். முதல் சில மாதங்களுக்குள் மருந்து தொடங்கினால் மூட்டு கோணாமல் காப்பாற்றலாம். அம்மா காலத்தில் எங்களுக்குக் கிடைக்காமல் போனது அதுதான்.

மெத்தோட்ரெக்ஸேட் என்ற மாத்திரை கொடுத்தால் ஒன்று மட்டும் மறக்காதீர்கள். அது வாரத்தில் ஒரே ஒரு நாள் போடுவது. தினமும் போடுவது என்று தப்பாகப் புரிந்துகொண்டு உயிருக்கு ஆபத்தாகிப் போனவர்கள் இருக்கிறார்கள். காலண்டரில் அந்தக் கிழமையை வட்டம் போட்டு வையுங்கள், வீட்டுக்காரரிடமும் சொல்லி வையுங்கள். நோய் அடங்கிய பிறகு எங்களைப் போன்றவர்களிடம் வாருங்கள், விரலுக்குப் பயிற்சி சொல்லித் தருகிறோம்.

நான் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன், வயது 26. இரண்டு வருஷமாக அடிமுதுகு வலி. விடியற்காலை மூன்று மணிக்கு வலியில் முழிப்பு வந்துவிடும். எழுந்து நடந்தால் சரியாகிறது, ஞாயிற்றுக்கிழமை படுத்தே கிடந்தால் இன்னும் மோசம். ஒரு கைரோபிராக்டர், ஒரு கால் குட்டையாக இருக்கிறது என்று இரண்டு தடவை இடுப்பை ‘அட்ஜஸ்ட்’ செய்தார். இரண்டு நாள் நன்றாக இருந்து திரும்பி வந்துவிட்டது. தொடரலாமா?
- வாசகர், ஓசூர்

தம்பி, கொஞ்சம் நிறுத்துங்கள். ஓய்வு எடுத்தால் குறையவேண்டிய வலி ஓய்வில்தான் கூடுகிறது, நடந்தால் குறைகிறது. இளம் வயது, விடியற்காலை முழிப்பு. இது முதுகு ஜவ்வு (டிஸ்க்) விலகியதாகத் தெரியவில்லை. அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்று ஒரு வாதநோய் உண்டு, இடுப்புக்கூடும் முதுகெலும்பும் சேர்கிற மூட்டில் ஆரம்பிக்கும். கவனிக்காமல் விட்டால் முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே மூங்கில் போல் ஆகிவிடும். அப்படி ஒட்டிய முதுகு வளையாது, சாக்பீஸ் மாதிரி உடையும். அந்த நிலைமையில் யாராவது வேகமாக அழுத்தினால் எலும்பு முறிந்து கால் விழுந்துபோகக்கூட வாய்ப்புண்டு.

எச்.எல்.ஏ. பி27 ரத்தப் பரிசோதனையும், இடுப்புக்கூடும் முதுகெலும்பும் சேர்கிற அந்த மூட்டுக்கான எம்.ஆர்.ஐ.யும் தேவையா என்று மூட்டு வாத நோய் மருத்துவரிடம் கேளுங்கள். கண் சிவந்து வலித்து வெளிச்சம் கூசிய அனுபவம் இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள், இந்த நோய் கண்ணையும் தொடும். தினமும் முதுகை நிமிர்த்துகிற பயிற்சியும் முடிந்தால் நீச்சலும் மருந்து மாதிரியே முக்கியம். சிகரெட் இருந்தால் விட்டுவிடுங்கள். ஒரு கால் குட்டை என்பதைப் பொருட்படுத்தாதீர்கள். அளந்து பார்த்தால் நம்மில் பல பேருக்குக் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும்.

சலூனில் முடி வெட்டி முடித்ததும் தலையில் நாலு தட்டு தட்டி, கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பி நெட்டி எடுப்பார்கள். இருபது வருஷப் பழக்கம், அதில்லாமல் தூக்கம் வராது. இதுவும் கைரோபிராக்டிக்கும் ஒன்றா? அந்தச் சத்தம் எலும்பு உரசுகிற சத்தமா?
- வாசகர், தேனி

சத்தம் எலும்பு உரசுவதில்லை. மூட்டுக்குள் எண்ணெய் மாதிரி ஒரு திரவம் இருக்கிறது. மூட்டைச் சட்டென்று இழுக்கும்போது உள்ளே அழுத்தம் குறைந்து ஒரு வாயுக்குமிழி உண்டாகிறது, அப்போது வருகிற சத்தம் அது. கனடாவில் ஒருவரின் விரலை எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் வைத்து இழுத்து, அதைப் படமாகவே 2015இல் காட்டினார்கள். ஒருமுறை சொடுக்கு விழுந்த மூட்டில் அடுத்த இருபது நிமிஷம் போல சத்தம் வராது. விரலில் சொடுக்கு எடுத்தால் வாதம் வரும் என்று பாட்டி திட்டியிருப்பார்கள். டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் 60 வருஷம் ஒரே கையில் மட்டும் சொடுக்கு எடுத்துக்கொண்டே வந்து பார்த்தார், இரண்டு கைக்கும் வித்தியாசம் இல்லை.

எலும்பு இடத்துக்கு வந்துவிட்டது என்பதற்கும் சத்தத்துக்கும் சம்பந்தமில்லை. சத்தம் வந்தால் சுகம் வருகிறது, அவ்வளவுதான்.

ஆனால் விரல் வேறு, கழுத்து வேறு. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகிற இரண்டு குழாய்கள் கழுத்து எலும்புகளின் துளைகள் வழியாகத்தான் மேலே ஏறுகின்றன. கழுத்தை வேகமாகத் திருப்பிய பிறகு அந்தக் குழாயின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்ததாகப் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. அபூர்வம்தான், ஆனால் நடக்கும்போது நாற்பது வயதுக்காரருக்கும் நடக்கிறது. முடி வெட்டுகிற அண்ணனிடம் தலையை மட்டும் அமுக்கிவிடச் சொல்லுங்கள். நெட்டி எடுத்த பிறகு என்றைக்காவது இதுவரை இல்லாத பிடரி வலியோ தலைசுற்றலோ, பேச்சுக் குழறலோ, பார்வை இரண்டாகத் தெரிவதோ இருந்தால் வீட்டில் படுத்துப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், 108க்குக் கூப்பிடுங்கள்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 63. முதுகுத் தேய்மானம். சென்னையில் மகள் வீட்டில் இருந்தபோது ஒரு கைரோபிராக்டரிடம் ஆறு தடவை போனேன், உண்மையாகவே நன்றாக இருந்தது. நீங்கள் எப்போதும் ‘வேண்டாம், வேண்டாம்’ என்றே சொல்கிறீர்களே? இது எந்த நாட்டு வைத்தியம்? நம் வர்மம், தொக்கணம் மாதிரியா?
- வாசகர், கும்பகோணம்

ஐயா, உங்களுக்கு நன்றாக இருந்தது என்றால் எனக்குச் சந்தோஷம். அதை மறுக்க மாட்டேன். அடிமுதுகு வலிக்கு முதுகெலும்பைக் கையால் இயக்குகிற சிகிச்சை ஓரளவு உதவுகிறது. ‘அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ்’ என்ற மருத்துவர்கள் அமைப்பு 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒத்தடம், உடற்பயிற்சி, யோகா இவற்றோடு அதையும் ஒரு வழியாகச் சேர்த்திருக்கிறார்கள். மற்ற வழிகளைவிட மேலானது என்று சொல்லவில்லை, அவற்றுக்குச் சமமான ஒன்று. நான் ‘வேண்டாம்’ என்பது எந்த வாதம் என்று தெரியாமல் போவதையும், கழுத்தைத் திருப்புவதையும், வருஷக்கணக்கில் முன்பணம் கட்டுவதையும்தான்.

இது அமெரிக்காவில் பிறந்தது. அயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் என்ற ஊரில் டி.டி. பால்மர் என்பவர் காந்த வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். 1895 செப்டம்பர் 18 அன்று, அந்தக் கட்டடத்தைத் துப்புரவு செய்கிற ஹார்வி லில்லார்டு என்ற காது கேளாதவரின் முதுகில் தள்ளியிருந்த ஒரு எலும்பை அழுத்தியதும் அவருக்குக் காது கேட்டது என்பது அவர்கள் சொல்கிற பிறப்புக் கதை. கை, செயல் என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்துப் பெயர் வைத்தார்கள். 1897இல் பால்மர் பள்ளி தொடங்கினார். லைசென்ஸ் இல்லாமல் வைத்தியம் பார்த்தார் என்று 1906இல் சிறைக்கும் போனார். காது நரம்பு முதுகெலும்பு வழியாக வருவதே இல்லை, நேராக மூளைக்குப் போகிறது. அதனால் அந்தக் கதையை என்னால் ஏற்க முடியவில்லை. எல்லா நோய்க்கும் காரணம் எலும்பு இடம் பிசகுவதுதான் என்று அவர் சொன்னதற்கும் ஆதாரம் நிற்கவில்லை. இன்றைக்கு நல்ல கைரோபிராக்டர்கள் பலரே அதைச் சொல்வதில்லை, முதுகுவலியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

நம் தொக்கணம் எண்ணெய் விட்டு நீவுவது, பிடிப்பது, தட்டுவது. வர்மத்தில் குறிப்பிட்ட புள்ளிகளைத் தொடுகிறார்கள். கைரோபிராக்டிக்கின் அடையாளம் வேகமாக, சின்ன தூரத்துக்கு ஒரு தள்ளு. அந்த வேகம்தான் அதன் பலம், அபாயமும் அதில்தான்.

மறுபடி போவதாக இருந்தால் சிலவற்றைக் கேளுங்கள். எங்கே, எத்தனை வருஷம் படித்தீர்கள்? முழுப் படிப்பு என்றால் 4,200 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, அதில் 1,000 மணி நேரமாவது மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்திருக்க வேண்டும் என்கிறது நான் மேலே சொன்ன உலக சுகாதார நிறுவன நூல். வாரக்கடைசி வகுப்புக்குப் போய் சான்றிதழ் மாட்டியிருப்பவரிடம் முதுகைக் கொடுக்காதீர்கள். உங்கள் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தாரா, எலும்பு பலவீனம் இருக்கிறதா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறீர்களா என்று கேட்டாரா? நாலைந்து தடவைக்குள் மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம் என்று அவரே சொல்கிறாரா? கடைசியாக, உங்களுக்கு வீட்டில் செய்யப் பயிற்சி சொல்லித் தந்தாரா? அது இல்லாமல் படுக்கவைத்து அனுப்புகிறவரிடம் நீங்கள் ஆயுசு முழுக்கப் போய்க்கொண்டிருக்க வேண்டியதுதான்.

முதுகுவலியோடு காலில் பலம் குறைவது, சிறுநீர் போவது தெரியாமல் போவது, உட்காருகிற இடம் மரத்துப்போவது இவற்றில் ஒன்று வந்தாலும் யாரிடமும் கை வைக்கக் கொடுக்காமல் நேரே பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். ராத்திரி என்றாலும் போங்கள்.

அம்மாவுக்கு 74. சிக்குன்குனியா வந்த 2006லிருந்தே மூட்டுவலி என்கிறார். இப்போது முதுகும் கூனிவிட்டது. என் பையன் கால் முதலில் வந்து பிறந்தவன் என்பதால், அவனை முதுகில் ஏறி மிதிக்கச் சொல்கிறார். அவனுக்கு ஏழு வயது. கிராமத்திலிருந்து டவுனுக்கு அடிக்கடி கூட்டிப்போக வசதியில்லை அம்மா.
- வாசகி, உசிலம்பட்டி அருகே

காலால் பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு விடும் என்று எங்கள் தெருவிலும் சொல்வார்கள், என் அண்ணனையே அக்கம்பக்கத்தில் கூப்பிட்டுப் போவார்கள். உங்கள் அம்மா பாசத்தில் கேட்கிறார். ஆனால் 74 வயதில் முதுகு கூனியிருக்கிறது என்றால் எலும்பு உள்ளுக்குள் அரித்துப்போய், முதுகெலும்பு ஏற்கெனவே நசுங்கியிருக்கலாம். அந்த முதுகு இருபது கிலோ பாரத்தைக்கூடத் தாங்காது. பையன் மிதித்து எலும்பு முறிந்தால் அந்தப் பாரத்தை அவன் வளர்ந்த பிறகும் சுமப்பான். கண்டிப்பாக வேண்டாம். கைரோபிராக்டரும் இந்த முதுகில் வேகமாக அழுத்தக் கூடாது.

சிக்குன்குனியா என்ற பெயருக்கே மக்கொண்டே மொழியில் உடம்பு வளைந்து போவது என்று பொருள். சிலருக்கு மூட்டுவலி மாதக்கணக்கில், வருஷக்கணக்கில்கூட இழுக்கும். ஆனால் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எல்லாவற்றையும் அதன் மேலேயே போடக் கூடாது, தேய்மானமும் சேர்ந்திருக்கும். ஒரே ஒரு தடவை டவுனுக்குக் கூட்டிப்போய் முதுகு எக்ஸ்ரேயும், எலும்பு அடர்த்தி பார்க்கிற டெக்ஸா ஸ்கேன் தேவையா என்பதையும் பார்த்துவிடுங்கள். எலும்பு மெலிந்திருந்தால் அதற்கு மருந்து இருக்கிறது.

மற்றதற்கு அவரை அலைக்கழிக்க வேண்டியதில்லை. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருகிறார், காசு கிடையாது. உங்கள் ஊர் சுகாதார நர்ஸிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அம்மா பெயரைப் பதிந்து, முதுகு கூனியிருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். தரையில் பாய் வேண்டாம், கட்டில் போடுங்கள். குனிந்து குடம் தூக்க விடாதீர்கள். உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுக்கலாம். உணர்ச்சி குறைந்த இடம் சூட்டில் வெந்துவிடும், அதனால் முதலில் உங்கள் கையில் வைத்துச் சூடு பாருங்கள்.

மேலே அருப்புக்கோட்டை வாசகிக்குச் சொன்ன துண்டுப் பயிற்சி உங்கள் அம்மாவுக்கும் பொருந்தும். சின்னவனைப் பாட்டி பக்கத்தில் உட்காரவைத்து, ஐந்து வரை எண்ணச் சொல்லுங்கள்.